தக்காளி நாற்றுக்கு முன்பு

டிவியில் படம் எதுவும் திறக்கவில்லை என்றாள் மாதாரா.
"அனுமதி மறுக்கப்பட்டது" என்று உரக்க வாசித்தாள்.
பதினாறு வயது. அந்த வாக்கியம்
அவள் வாய்க்குப் பொருத்தமாகவே இருந்தது.

லியபாயாவில் அக்டோபர்.
கடற்காற்று ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்குகிறது.
பகலெல்லாம் டிராமுக்கு பிரேக் கட்டை மாற்றியவன்
கை கழுவிக்கொண்டு சரக்கறைக்குள் குனிந்தேன்.

பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட கணினி.
எங்கள் வீட்டு சர்வர். பெயர் பீப்பாய்.
மேல் தட்டில் தக்காளி ஜாடிகள்
கீழே உருளைக்கிழங்கு மூட்டை
நடுவில் ஒரு பச்சைப் புள்ளி,
கண்ணை மூடாமல்.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன்:
அணைத்தேன், போட்டேன்.
கேபிளைப் பிடுங்கி அதே துளையில் செருகினேன்.
கடவுச்சொல்லை மெதுவாக, பிறகு கோபமாக, அடித்தேன்.
கோப்புறையின் உரிமையாளர் எண் மாறிக் கிடந்தது;
திருத்தினேன்.
கதவு திறந்தது.
உடனே உள்ளிருந்து வேறு குரல்:
இடமில்லை.

எப்படி இல்லாமல் போகும்?
எங்கள் வாழ்க்கை அவ்வளவு பெரிதில்லையே.

ஒவ்வோர் அறையாக எடை போட்டேன்.
புகைப்படம், பாட்டு, வரிக் கணக்கு,
மாதாராவின் கூடைப்பந்து வீடியோக்கள்.
கடைசியில் 'காப்பு' என்ற கோப்புறை.
மலைபோல் வீங்கிக் கிடந்தது அதுதான்.
பயிரை மேய்ந்தது வேலி.

காப்பு என்பது வெளி டிஸ்கின் வாசல்.
டிஸ்க் இல்லாதபோது அது வெறும் வாசல்,
பின்னால் வீடு இல்லை.
பீப்பாய்க்கு அது தெரியவில்லை.
இரவு இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து
தன்னிடமிருந்து எடுத்துத் தன்னிடமே கொடுத்து,
பிழை ஏதுமில்லை என்று
ஏழு மாதம் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறது.
நானும் படிக்காமலே நம்பியிருக்கிறேன்.

டிஸ்கின் வயரைத் தேடிப் பிடித்துப் போனேன்.
சுவரோரம் அதன் பிளக் அனாதையாகத் தொங்கியது.
அது இருந்த துளையில்
ஸ்கைத்ரீத்தேயின் நாற்று விளக்கு.
மார்ச்சில் செருகியது.
நாற்று செடியாகி, செடி காய்த்து,
காய் பழுத்து, பழம் ஜாடிக்குள் போய்
என் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

விளக்கைப் பிடுங்கினேன். டிஸ்க் முனகிச் சுழன்றது.
அதற்குள் இன்னும் மார்ச்.

எதையும் எழுதுமுன் ஒத்திகை கேட்பது என் வழக்கம்.
என்ன செய்யப் போகிறாய், சொல்.
சேர்க்க வேண்டியவை நாலாயிரத்துச் சொச்சம் என்றது.
அழிக்க வேண்டியவை முப்பத்தேழு.

முப்பத்தாறு எனக்குத் தெரிந்தவை:
ஆடிப்போன படங்கள், பழைய காஸ் பில்.
இன்னொன்று மனைவியின் கோப்புறையில்.
பெயர்: இல்க்வார்ஸுக்கு.
மார்ச் இரண்டு, இரவு ஒன்று நாற்பது.

இல்க்வார்ஸ் நான்தான்.
அப்படியொன்று எனக்கு வரவே இல்லை.

நிர்வாகிக்குப் பூட்டு கிடையாது.
பூட்டுகளைச் செய்தவனே நான்.
ஒரு விசைதான்.
விரல் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தேன்,
மின்விசிறியின் சத்தம் மட்டும்.

ஜாடி எடுக்க வந்தவள் கேட்டாள்:
"சரியாயிற்றா?"
"மார்ச்சில் எனக்கு ஏதாவது எழுதினாயா?"
யோசித்தாள்.
"தக்காளி நாற்றுக்கு முன்பா, பின்பா?"
"முன்பு."

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
பெயரைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள்,
திறக்காத என் விரலையும் பார்த்தாள்.
பிறகு உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"அழி" என்றாள்.
"வாயால் சொல்கிறேன்."

அழுத்தினேன்.
கூடத்திலிருந்து மாதாரா கத்தினாள், படம் வந்துவிட்டதென்று.
நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை.
ஸ்கைத்ரீத்தே மடியிலிருந்த ஜாடியின் மூடியைத்
திருகிக்கொண்டிருந்தாள்.
அது இறுக்கமாக இருந்தது.